நான்கு பெட்டி ‘அடுத்த பஸ்’

இந்த வீட்டில் ஒரு விஷயத்திலாவது என் சொல் நிற்க வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் அதை உரக்கச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். உரக்கச் சொன்ன முடிவுகள் எதுவும் எங்கள் வீட்டில் காலைத் தேநீர்வரைகூடத் தாக்குப்பிடித்ததில்லை.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை. அந்த அறையில் நான்கு அட்டைப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஐம்பத்தைந்து சிடிக்கள். இருநூற்றிருபது சிடியும் ஒரே ஆல்பம். ஆல்பத்தின் பெயர் ‘அடுத்த பஸ்’. வாசித்த குழுவின் பெயர் ‘ஈரக் குடைகள்’. நான்கு குடைகளில் ஒரு குடை நான். பேஸ் கிடார்.

கேள்விப்பட்டதில்லையா? வெட்கப்பட வேண்டாம். உங்களோடு சேர்த்து உலகமே கேள்விப்பட்டதில்லை.

நாங்கள் வாசித்தது பவர் பாப். பயப்படாதீர்கள், எளிய சங்கதிதான். ராக் இசையின் கிடார் சத்தத்தையும், குளிக்கும்போது தானாக வாயில் வந்து உட்காரும் மெட்டையும் ஒரே பாட்டில் சேர்த்துக் கட்டினால் அது பவர் பாப். நடுவில் கைதட்டல் வரும். பல்லவியை எல்லோரும் சேர்ந்து கத்த வேண்டும். மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிட வேண்டும். பாட்டில் ஒருவன் ஒரு பெண்ணுக்காகக் காத்திருப்பான். எங்கள் ஆல்பத்தில் பதினொரு பாட்டு. பதினொன்றிலும் பெண் வரவில்லை. பஸ்தான் வந்தது.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் முந்நூறு சிடி போட்டோம். எண்பது போயின. போயின என்றுதான் சொல்கிறேன். விற்றன என்று சொல்லவில்லை.

தப்பு எங்களுடையதல்ல. அட்டைப் படம் எடுத்த புகைப்படக்காரர், “மூணு சொன்னதும் நாலு பேரும் குதிங்க” என்றார். மூன்று பேர் அளவாகக் குதித்தார்கள். நான் மட்டும் ஆர்வத்தில் கொஞ்சம் உயரமாகப் போய்விட்டேன். அட்டையைப் பார்த்தால் மூன்று முகங்களும் ஒரு ஜோடி செருப்பும் தெரியும். செருப்புதான் நான். அந்தப் படத்தைப் பார்த்த கடைக்காரர்கள் சிடியை உடற்பயிற்சிப் பிரிவில் அடுக்கிவிட்டார்கள். உடம்பு இளைக்க வாங்கிப் போன ஓர் அம்மாள், ஒரு மாதம் கழித்து இடுப்பு அளவோடு திரும்பி வந்து சண்டை போட்டாராம்.

ஒரே ஒரு பத்திரிகையில் விமர்சனம் வந்தது. இரண்டு வரி. ‘பதினொரு பாடல்கள். எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன.’ எங்கள் பாடகன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தான். இப்போது அவன் பல் வைத்தியன். டிரம்ஸ் அடித்தவன் நூலகத்தில் ‘அமைதி’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். இன்னொரு கிடார்காரன் கப்பலில் வேலைக்குப் போனான். கப்பல் மட்டும் அவ்வப்போது கரைக்கு வருகிறது. பெட்டிகள் என்னிடம் தங்கின. கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு இந்த வீட்டுக்கு வந்தன. சீர்வரிசையாக நான் கொண்டுவந்தது அது ஒன்றுதான்.

இனி என் மனைவி. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கடைத்தெருவில் சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறாள். ஓர் அறை, ஒரு மேஜை, வாசலில் கூரைமேல் எல் போர்டு வைத்த பழைய வெள்ளைக் கார். அந்தக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் அவளுக்கு இன்னொரு பிரேக். பதினைந்து வருடமாக மிதித்து மிதித்து அவள் கால் அவளைக் கேட்காமலே வேலை செய்யப் பழகிவிட்டது. வீட்டில் நான் எதையாவது நீட்டி முழக்க ஆரம்பித்தால், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அவள் கால் ஒருமுறை தரையை அழுத்தும். நான் நின்றுவிடுவேன்.

கல்யாணமான புதிதில் எனக்கும் கற்றுக்கொடுத்தாள். மூன்று பாடம். மூன்றாவது பாடத்தில் ஒரு தபால் பெட்டியோடு நான் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டேன். அன்று அந்தக் காரைவிட்டு இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். எங்கள் குடும்பம் ஒற்றுமையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அந்த ஒற்றுமைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆபத்து வந்தது.

“ஏங்க, அந்தச் சின்ன ரூம் எனக்கு வேணும்.”

“எதுக்கும்மா?”

“ரோடு விதி கிளாஸ் எடுக்கப்போறேன். ஸ்கூல்ல இடம் பத்தல. ஒரு போர்டு, ஆறு நாற்காலி போடணும்.”

“தாராளமா போடு. பெட்டிங்க ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்.”

“நாலு பெட்டிக்கு நாலு ஓரம் போயிடுது. அந்த ரூம்ல இருக்கிறதே நாலு ஓரம்தான்.”

“அது வெறும் பெட்டி இல்லம்மா. பொக்கிஷம். இன்னைக்கு இல்லன்னாலும் ஒரு நாள் உலகம் அந்த ஆல்பத்தைத் தேடிட்டு நம்ம வீட்டு வாசலுக்கு…”

மேஜைக்கு அடியில் கால் அழுத்தியது. நின்றேன்.

“பதினாலு வருஷமா நம்ம வாசல் அங்கயேதான் இருக்கு. பால்காரர் வர்றார். மீட்டர் பார்க்கிறவர் வர்றார். வீடு மாறி வேற யாருக்கோ வந்த கூரியர்கூட வந்துச்சு. உலகம் மட்டும் வரலயே.”

“வரும்!”

“சரி. சனிக்கிழமைக்குள்ள யாராவது ஒரே ஒரு ஆள் தேடிட்டு வந்தா, பெட்டியைத் தொடமாட்டேன். வரலன்னா சாயங்காலம் பழைய சாமான் எடுக்கிறவர் வருவார். அவர்கிட்ட சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டியா? என்னைக் கேக்கவே இல்லையே!”

“இப்பக் கேக்கறேன். சொல்லிட்டேன், சரியா?”

இதற்கு என்ன பதில் சொல்வது? அடுத்த நாள் காலை பல் துலக்கும்போதுதான் பதில் கிடைத்தது. ஒரே ஓர் ஆள் வந்தால் போதும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். உலகம் தானாக வராவிட்டால் என்ன, நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்!

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். பின்கட்டில் லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமின் அளவுக்கு வெட்டி, பூட்டிக் கொடுப்பது என் வேலை. முன்கட்டில் நின்று விற்பவன் இரண்டு மாதத்துக்கு முன்னால் வேறு ஊர்க் கடையிலிருந்து வந்து சேர்ந்தவன். என்னைவிட இரண்டு வயது சின்னவன். கடையில் எல்லோரும் அவனை ‘ஃபிரேம்’ என்றே கூப்பிடுவோம். கண் நன்றாகத் தெரிகிறவர் மணி கேட்க உள்ளே வந்தால்கூட, ஒரு கண்ணாடியோடுதான் வெளியே போவார். வாடிக்கையாளர் எது சொன்னாலும் மறுக்கமாட்டான். “ரொம்ப சந்தோஷம்!” என்பான். அது அவன் தொழில் ரகசியம்.

என் மனைவி கடைக்கு வருவதில்லை. ஃபிரேம் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இதைவிடப் பொருத்தமான உலகம் எங்கே கிடைக்கும்?

“அண்ணே, நான் யாரா வரணும்?”

“இசை ஆராய்ச்சியாளர்.”

“எந்த இசை?”

“பவர் பாப்.”

“அது எந்தக் கம்பெனி?”

உட்காரவைத்து நான்கு நாள் சொல்லிக்கொடுத்தேன். மதிய இடைவேளையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒத்திகை. மூன்றே மூன்று வாக்கியம். ஒன்று: அம்மா, நான் ஓர் இசை ஆராய்ச்சியாளர். இரண்டு: இந்த ஆல்பத்தை அன்றைக்கே கவனித்திருந்தால் நாட்டின் இசையே வேறு மாதிரி ஆகியிருக்கும். மூன்று: இந்தப் பெட்டிகளைத் தயவுசெய்து பத்திரமாக வீட்டிலேயே வைத்திருங்கள். இதற்குமேல் ஒரு சொல்லும் கூடாது. அவள் ஏதாவது கேள்வி கேட்டால் என்னைப் பார்க்க வேண்டும். நான் விரலால் சைகை காட்டுவேன்.

“அப்புறம்?”

“அப்புறம் தேநீர் குடிச்சிட்டுக் கிளம்பிடு.”

“ரொம்ப சந்தோஷம்ணே!”

கடையில் இருவரும் லீவு சொல்லியிருந்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. நான் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மனைவி கதவைத் திறந்தாள்.

ஃபிரேமைப் பார்த்து எனக்கே மரியாதை வந்துவிட்டது. நீளமான சட்டை. தோளில் துணிப்பை. கடையிலேயே மிகப் பெரிய வட்டக் கண்ணாடி. விலைச் சீட்டைப் பிய்க்க மறந்துவிட்டான். காதோரம் அது ஆடிக்கொண்டிருந்தது.

“வணக்கம்மா! நான் ஓர் இசை ஆராய்ச்சியாளர்.”

என் மனைவி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் முதல் நாள் மட்டும் காட்டும் இனிமையோடு சொன்னாள்: “வாங்க சார், வாங்க! உக்காருங்க. ஏங்க, பேப்பரைக் கீழ வைங்க. உலகம் வந்திருக்கு.”

“யாரு?” என்றேன், நடிப்புக்குத் தேவையான அளவு திடுக்கிட்டு.

“ஈரக் குடைகள்!” என்று ஃபிரேம் கையைக் கூப்பினான். “அந்த ‘அடுத்த பஸ்’ ஆல்பம் இருக்கே அம்மா, அதை மட்டும் அன்னைக்கே கவனிச்சிருந்தா நாட்டோட இசையே வேற மாதிரி ஆயிருக்கும்!”

“அப்படியா சார்! எந்த மாதிரி ஆயிருக்கும்?”

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. ஃபிரேம் என்னைப் பார்த்தான். நான் காற்றில் கிடார் வாசித்துக் காட்டினேன்.

“இந்த மாதிரி,” என்று அவனும் காற்றில் வாசித்தான்.

“பிரமாதம்! உங்களுக்கு அதுல எந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்?”

ஃபிரேம் என்னைப் பார்த்தான். நான் ஆறு விரல் காட்டினேன்.

“ஆறாவது பாட்டும்மா.”

“‘கொஞ்சம் தள்ளி நில்லேன்’! எனக்கும் அதுதான் சார். அதுல நடுவுல கைதட்டல் வருமே, எத்தனை தட்டு?”

அவள் முதுகுக்குப் பின்னால் நான் எட்டு விரல்களை விரித்தேன். தட்டியவர்களில் நானும் ஒருவன். எனக்குத் தெரியாதா?

“எட்டும்மா!”

“ஏழு சார். எட்டாவது தட்டு விழ வேண்டிய இடத்துல யாரோ தும்முறாங்க.”

எனக்குத் தலை சுற்றியது. தும்மியது நான். பதிவுக் கூடத்தில் கம்பளிப் படுதாவின் தூசி. இந்தப் பதினெட்டு வருடத்தில் எனக்கே மறந்துபோன தும்மல் இவளுக்கு எப்படித் தெரியும்? யோசிக்க நேரமில்லை. மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பு என்று ஃபிரேமுக்குக் கண்ணைக் காட்டினேன்.

அங்கேதான் அவன் தொழில் புத்தி குறுக்கே வந்தது. எதிரில் இருப்பவர் தலையாட்டினால் அவனால் நிறுத்த முடியாது. விற்றுத் தீர்த்தால்தான் நிற்பான்.

“அம்மா, இதுக்காகத்தான் நான் இருபது வருஷமா ஊர் ஊரா அலையறேன். இந்தப் பெட்டியைக் கண்ணால பார்த்தாப் போதும். என் ஜென்மமே…”

ஆல்பத்துக்கே வயது பதினெட்டுதான்.

“ஐயோ பாவம்!” என்று என் மனைவி மார்பில் கை வைத்தாள். “இருபது வருஷமா! ஏங்க, கேட்டீங்களா? இவர்கிட்ட இல்லாம வேற யார்கிட்ட இது இருக்கணும்? சார், நாலு பெட்டியையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க. ஒரு பைசா வேண்டாம்.”

“ரொம்ப சந்தோஷம்!” என்றான் ஃபிரேம்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே புரிந்தது. காதோரச் சீட்டு ஆடாமல் நின்றது.

“இல்லம்மா,” என்று நான் பாய்ந்தேன். “சார் சும்மா பார்க்கத்தான் வந்திருக்கார். பத்திரமா வீட்டிலேயே வைங்கன்னுதான் சொல்ல வந்தார். இல்லையா சார்?”

“ஆமாம்மா, பத்திரமா வீட்டிலேயே…”

“பத்திரமா உங்க வீட்டிலேயே வைங்க சார். எங்க வீட்ல என்ன பத்திரம்? இவர் ரெண்டு வருஷம் முன்னால அந்தப் பெட்டி மேல ஏறி நின்னு பல்பு மாத்தினார்.”

உண்மைதான். எல்லா உண்மையும் இவளுக்கு எப்படி நேரத்துக்கு ஞாபகம் வருகிறது?

“நான் பஸ்ல வந்தேன்மா. நாலு பெட்டி எப்படி…”

“நான் எதுக்கு இருக்கேன்? கார் இருக்கு. கொண்டுவந்து விடறேன். ஏங்க, நிக்கறீங்களே? ஒரு பக்கம் பிடிங்க.”

நான் ஒரு பக்கம், ஃபிரேம் ஒரு பக்கம். மூன்று மாடிப் படி. நான்கு முறை. முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பத்துக்கு வந்ததும் அவன் காதில் கிசுகிசுத்தேன்.

“உன்னை யாருய்யா ஜென்மத்தை எல்லாம் இழுக்கச் சொன்னா?”

“அவங்க தலையாட்டினாங்கண்ணே!”

“தலையாட்டினா?”

“தலையாட்டினா நான் பில் போடற வரைக்கும் நிக்க மாட்டேண்ணே. என் ரூம்ல ஒரு நாற்காலி போடவே இடமில்ல. இதை எங்க வைப்பேன்?”

மூன்றாவது பெட்டியின் மூலை அவன் கால் விரலில் இறங்கியது. “ஐயோ அண்ணே!” என்று கத்திவிட்டான்.

மேலே மாடிக் கைப்பிடியில் சாய்ந்து நின்ற என் மனைவி, “பார்த்தீங்களா, அரை மணி நேரத்துல அண்ணன் தம்பி ஆயிட்டீங்க!” என்றாள்.

மூன்று பெட்டி டிக்கியில் அடங்கியது. நான்காவது பின் இருக்கையில்.

“ஏறுங்க,” என்றாள் என்னிடம்.

“நானா? இந்தக் கார்லயா?”

“இறக்கறதுக்கு ஆள் வேணாமா? தபால் பெட்டி எல்லாம் இப்ப எடுத்துட்டாங்க. பயப்படாம ஏறுங்க.”

பதினான்கு வருடத்துக்குப் பிறகு அந்தக் காரில் ஏறினேன். பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் ஒடுங்கினேன். ஃபிரேம் முன்னால், இரண்டாவது பிரேக் இருக்கும் பக்கம். என் மனைவி சாவியைத் திருப்பினாள். டேஷ்போர்டில் பழைய சிடி பிளேயர் கண் விழித்தது.

கிடார். டிரம்ஸ். அடியில் தும் தும் தும் என்று ஒரு பேஸ்.

அது என் பேஸ்!

‘அடுத்த பஸ்’, முதல் பாட்டு. எங்கள் பாடகன், பல் வைத்தியன் ஆவதற்கு முன்பிருந்த குரலில், வராத பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். என் மனைவி ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே வண்டியை எடுத்தாள்.

“இது… இது எப்படி இங்க?” என் குரல் கீச்சென்று வந்தது.

“முதல் பாட்டு முடியறதுக்குள்ள சீட் பெல்ட், கண்ணாடி, கியர், எல்லாம் சரிபார்த்து வண்டி தெருவை விட்டு வெளியே வந்திருக்கணும்,” என்றாள் அவள், ஃபிரேமிடம் பேசுவதுபோல். “ரெண்டாவது பாட்டுக்குள்ள ரிவர்ஸ் எடுத்து ரெண்டு வண்டிக்கு நடுவுல நிறுத்தணும். ‘கொஞ்சம் தள்ளி நில்லேன்’ வந்தா முன்னால போற வண்டிக்கு இடைவெளி விடணும். ஆறு வருஷமா என் ஸ்கூல்ல இதான் பாடம். ஒவ்வொரு பாட்டும் சரியா மூணு நிமிஷம் சார். ஒரு நொடி கூடாது, ஒரு நொடி குறையாது. டெஸ்ட்லயும் ரிவர்ஸ் எடுக்க மூணு நிமிஷம்தான் குடுக்கறாங்க. கடிகாரத்தைப் பார்த்தா பதறிடுவாங்க. பாட்டைக் கேட்டா ஓட்டிடுவாங்க.”

கடைத்தெரு நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. வண்டி நின்றது. ஜன்னல்கள் திறந்திருந்தன. இரண்டாவது பாட்டின் பல்லவி தெருவில் இறங்கியது.

அப்போது நான் கண்டதை நீங்கள் நம்ப வேண்டும். இடப்பக்கத்துக் காரில் போன் பேசிக்கொண்டிருந்த மனிதர், போனை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பின்னால் இருந்த காரில் ஓர் அம்மாள் சீட் பெல்ட்டைத் தேடி இழுத்தார். வலப்பக்கம் காய்கறி வேன் ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார்ந்து மூன்று கண்ணாடியையும் வரிசையாகப் பார்த்தார். மூவருடைய உதடுகளும் அசைந்தன. பல்லவி! ஒரு வார்த்தை பிசகாமல்!

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஈரக் குடைகளின் பாட்டு ஊருக்கே மனப்பாடம். கொஞ்சம் பயத்தோடுதான். இருந்தாலும் மனப்பாடம்.

“வணக்கம் மேடம்!” என்று காய்கறி வேன்காரர் பணிவாகச் சொன்னார்.

“இண்டிகேட்டர் போட்டாச்சா?” என்றாள் என் மனைவி. போட்டார்.

பச்சை விழுந்தது. ஃபிரேம் ஆனந்தத்தில் தாளம் போடுகிறேன் என்று காலை ஊன்றினான். ஊன்றிய இடம் இரண்டாவது பிரேக். வண்டி சடக்கென்று நிற்க, பெட்டி என் மடியில் ஏறியது.

“காலை எடுங்க சார்,” என்றாள் அவள், திரும்பாமலே. “அது வாடிக்கையாளருக்கு இல்ல. அப்புறம், கண்ணாடிக் கடை எல்லாம் சனிக்கிழமை லீவா? பதினொரு மணிக்குப் போன் வந்தா யாரு எடுப்பா?”

ஃபிரேம் காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

“எந்தக் கண்ணாடிக் கடை?” என்று நான் முனகினேன்.

“தினமும் பதினொரு மணிக்கு உங்களைக் கூப்பிட்டா, முதல்ல போனை எடுத்து ‘வணக்கம்மா!’ன்னு சொல்றது யாரு? ரெண்டு மாசமா கேக்கறேன். வாசல்ல அந்த ‘வணக்கம்மா’ வந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. மிச்சத்துக்குக் காது மேல சீட்டு வேற தொங்குது.”

கண்ணாடிக் கடைக்காரன் புத்தி! யார் யாரைப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் நான் யோசித்தேன். யார் யாரைக் கேட்டிருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. அதுவும் யார்? பதினொரு பாட்டுக்குப் பேஸ் வாசித்தவன்!

“அண்ணி, மன்னிச்சிடுங்க,” என்றான் ஃபிரேம், வட்டக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே.

“மன்னிப்பு எல்லாம் எதுக்கு? பெட்டிங்க இப்ப உங்களுது. உங்களுக்கு வேணுமா?”

“வேண்டவே வேண்டாம் அண்ணி!”

“அப்ப எனக்குக் குடுத்துடறீங்களா?”

“ரொம்ப சந்தோஷம்!”

வண்டி பயிற்சிப் பள்ளி வாசலில் நின்றது. மூன்றாவது பாட்டு அதே நொடியில் முடிந்தது. உள்ளே, அவள் மேஜைக்குப் பின்னால், நான்கு பெட்டிக்கு அளவெடுத்து அடித்ததுபோல் ஒரு புதுப் பலகைத் தட்டு. பார்த்தவுடன் புரிந்தது. தட்டு இன்று அடித்ததல்ல, முன்னாலேயே அடித்து வைத்தது. பழைய சாமான் எடுக்கிறவர் என்று ஒருவர் இருந்தாரா என்றே எனக்கு இப்போது சந்தேகம்.

“இங்கதான் வைக்கப்போறேன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே?” என்றேன், கடைசிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கியபடி.

“சொன்னேன்னா, ஒண்ணொண்ணா எண்ணிப் பார்த்து, துடைச்சு, ஒவ்வொரு பாட்டுக்கும் கதை சொல்லி, ஆறு மாசம் கழிச்சு ஒரு பெட்டி வந்திருக்கும். இப்பப் பாருங்க, ஒரே காலையில நாலும் வந்தாச்சு. தூக்குக்கூலிகூட இல்ல. லைசென்ஸ் வாங்கறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுக்கப்போறேன்.”

ஃபிரேம் நொண்டிக்கொண்டே பஸ் ஏறப் போனான். நானும் அவளும் காரில் தனியாக உட்கார்ந்தோம். நான் இப்போது முன் இருக்கையில்.

“ஆறு வருஷமா கேக்கற. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“சொன்னா தினம் சாயங்காலம் ‘எப்படி இருந்துச்சு, பேஸ் கேட்டுச்சா’ன்னு பரீட்சை வைப்பீங்க.”

“உனக்குப் பிடிச்சிருக்கா?”

“பிடிக்கிறதாவது! ஒரு நாள் சும்மா போட்டுப் பார்த்தேன். மாட்டிக்கிச்சு. வெளியவே வரல. வேற வழி இல்லாம அதையே வச்சு ஓட்டிட்டிருக்கேன்.”

நான் கையை நீட்டி பிளேயரின் பொத்தானை அழுத்தினேன். சிடி, வைத்தியரிடம் நாக்கை நீட்டும் குழந்தைபோல், சுலபமாக வெளியே வந்தது.

இருவரும் அதைப் பார்த்தோம்.

அவள் ஒரு விரலால் அதை உள்ளே தள்ளினாள். “கையை எடுங்க. வண்டி ஓடிட்டிருக்கு.”

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன். அன்று முழுவதும் நான் ஒன்றுமே சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, சொல்லாமலே எனக்கு நிறைவாக இருந்தது.

ஐந்து வாரம் போனது. சின்ன அறையில் ஆறு நாற்காலிகள் வந்தன. ஒரு புதன்கிழமை மதியம், ஃபிரேம் பின்கட்டுக்கு ஓடிவந்தான். “அண்ணே! உங்களைத் தேடிட்டு ஒருத்தங்க வந்திருக்காங்க. கண்ணாடி வேண்டாமாம். நான் எவ்வளவோ பேசிப் பார்த்துட்டேன். கையில உங்க ஆல்பம் வச்சிருக்காங்க!”

நான் கையைத் துடைத்தேன். தலையை வாரினேன். லென்ஸ் தூசியைச் சட்டையிலிருந்து தட்டினேன். முன்கட்டில், ஆஸ்பத்திரிச் சீருடையோடு ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். ஒரு கையில் புத்தம்புது லைசென்ஸ். மறு கையில் ‘அடுத்த பஸ்’. சட்டைப்பையில் பேனா.

“சார், மேடத்தோட வீட்டுக்காரர் நீங்கதானே?”

“நான்தான்,” என்றேன் அடக்கமாக. “பேஸ் கிடாரும் நான்தான்.”

“ரெண்டாவது பாட்டு இல்லன்னா நான் பாஸே ஆகியிருக்கமாட்டேன் சார். வாழ்க்கை முழுக்க இந்த ஆல்பத்தை மறக்கமாட்டேன். அதான் ஒரு கையெழுத்து…”

பதினெட்டு வருடம்! ஃபிரேம் கடையிலிருந்த இரண்டு வாடிக்கையாளர்களையும் தோளைப் பிடித்து எங்கள் பக்கம் திருப்பினான். நான் அவள் நீட்டிய பேனாவை வாங்கினேன். மூடியைக் கழற்றினேன்.

“எந்த இடத்துல போடட்டும்மா?”

“ஐயோ, நீங்க போட்டுடாதீங்க சார்! வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் மேடம்கிட்ட வாங்கிட்டு வந்து குடுங்க, நேர்ல கேக்க எனக்கு இன்னும் பயமா இருக்கு.”